அடிபடாமல் நிஜமான சண்டைப் பயிற்சி எடுக்க முடியுமா?

காயமே இல்லாமல் முடியாது. பெரிய காயங்களைத் தவிர்க்கலாம். "கண்ணைக் குத்து, தொண்டையில் அடி" என்று சொல்லித்தரும் வகுப்புதான் நிஜம் என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றை யார்மீதும் முழு வேகத்தில் பழகவே முடியாது. எதிரில் இருப்பவர் ஒத்துழைத்து நிற்பார், அவ்வளவுதான். 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ வேறு வழி பிடித்தார். ஆபத்தான நுட்பங்களை ரண்டோரி என்னும் மோதல் பயிற்சியிலிருந்து விலக்கிவிட்டு, மிச்சமிருப்பதை எதிர்த்து நிற்கும் ஆள்மீது முழு பலத்தோடு பழக வைத்தார். என் பார்வையில் நிஜத்துக்கு அதுதான் அருகில்.

தலையில் விழும் அடி விஷயத்தில் கறாராக இருங்கள். 16 அவுன்ஸ் கையுறை கையையும் முகத்தையும் ஓரளவு காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. தலைக்கவசமும் அப்படித்தான். அடிபட்டபின் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தரைச் சண்டையில் குதிகாலை முறுக்கும் பிடி மோசமானது. முழங்கைப் பூட்டில் பெரும்பாலும் வலி முன்கூட்டியே எச்சரிக்கும். குதிகால் பிடியில் வலி தெரிவதற்குள் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிடலாம். பிடி இறுகுமுன்பே கையால் தட்டி, போதும் என்று காட்டிவிடுங்கள். அப்புறம், தட்டியும் விடாதவரோடு மறுபடி பயிற்சி செய்யாதீர்கள்.