வெள்ளம் புகுந்த அத்தை வீடு: பழுதுபார்ப்பதா, விற்பதா?

கேள்வி: எங்கள் அத்தை பிள்ளைகள் இல்லாமல், உயிலும் எழுதாமல் காலமாகிவிட்டார். அத்தையின் கணவர் முன்பே இறந்துவிட்டார். பூட்டிக் கிடந்த அத்தையின் பழைய வீட்டில் ஆற்று வெள்ளம் புகுந்துவிட்டது. உடனே பழுதுபார்க்க வேண்டுமா, வந்த விலைக்கு விற்றுவிடலாமா?

இரண்டையுமே இப்போது செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். ஈரம் காயாத சுவரை வைத்துக்கொண்டு எவ்வளவு செலவாகும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. யார் யாருக்குப் பங்கு என்று தீராத வீட்டைக் கேள்வியில்லாமல் விற்கவும் முடியாது. பழைய வீட்டின் சுவர் காய்வதற்கும் வாரிசுக் காகிதங்கள் ஒழுங்குக்கு வருவதற்கும் பல மாதங்கள் பிடிக்கும். அவை இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். அதுவரை வீட்டை மேலும் கெடாமல் காப்பது மட்டுமே உங்கள் வேலை.

இதை நான் எங்கள் குடும்பத்தில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கத்தில், தாமிரபரணிக் கரையோர ஊரில், என் அத்தைக்கு ஒரு காரைவீடு இருந்தது. அத்தை காலமான மறு ஆண்டு, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று மழை கொட்டியது. ரயில்பாதையின் அடிமண் அரிக்கப்பட்டுச் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். ஆற்று நீரோடு உடைப்பெடுத்த குளங்களின் நீரும் சேர்ந்துகொண்டதால், 1992 நவம்பர் வெள்ளத்தில் திண்ணையோடு நின்ற தண்ணீர் இம்முறை தார்சாவை (திண்ணையை அடுத்த கூடம்) கடந்து அடுக்களை மேடைக்கும் மேலே ஏறியிருந்தது.

நீர் வடிந்ததும் முதலில் மின்சாரத்தைக் கவனியுங்கள். மின்வாரியத்தின் உள்ளூர் ஊழியரிடம் சொல்லி, கம்பத்திலிருந்தே இணைப்பைத் துண்டித்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். சுவருக்குள் பதித்த குழாய்களிலும் சுவிட்சுப் பெட்டிகளிலும் சேறு தங்கியிருக்கும். வெளியே காய்ந்தது போலத் தெரிவதை நம்பிச் சுவிட்சைப் போடக் கூடாது. பூட்டிக் கிடந்த வீடு என்பதால் பாம்பு இருக்கும் என்று வைத்துக்கொண்டே கதவைத் திறக்க வேண்டும். சேற்றில் இறங்குகிறவர்கள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணியட்டும். இத்தகைய நீரில் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் எளிதில் வரும். காலில் புண் உள்ளவர்களை வேலைக்கு விடவே வேண்டாம்.

எதையும் அகற்றுவதற்கு முன், ஒவ்வொரு அறையையும், சுவரில் நீர் நின்ற கோட்டையும், பொருள்கள் கிடக்கும் நிலையையும் படம் எடுத்து உறவினர் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். இது அரசு அலுவலகத்துக்காக மட்டும் சொல்வதில்லை. இறந்தவரின் வீட்டிலிருந்து நனைந்த பாயைத் தூக்கி எறிந்தாலும், பித்தளை அண்டாவை எடுத்து வைத்தாலும், பிறகு அதைப் பற்றி ஒரு பேச்சு வரும். எங்கள் வீட்டில் பீரோவைத் திறக்கும்போது அப்பாவும் சித்தப்பாவின் மகனும் அத்தையின் நாத்தனாரும் சேர்ந்து நின்றார்கள். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

வண்டலை மட்டும் தாமதிக்காமல் வாரிவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியில் வரும் வண்டல், இறுகிவிட்டால் கடப்பாரை கேட்கும். தளத்தையும் சேர்த்துப் பெயர்க்கும்.

இனிச் சுவருக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கு வரும் பதில்களில் பெரும்பாலானவை கோட்டைவிடும் இடம் இதுதான். உங்கள் அத்தையின் வீடு எதனால் கட்டப்பட்டது என்று முதலில் பாருங்கள். அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட வீடு என்றால், செங்கல்லுக்கு இடையே பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தோ மண்சாந்தோ இருக்கும். மேலே தேக்கு உத்திரம், கட்டை வரிசை, அதன்மேல் செங்கல் அடுக்கிய மட்டப்பா (தட்டையான மேல்தளம்) இருக்கும். சுண்ணாம்புச் சுவர் நீரை உறிஞ்சும், அதே வழியில் வெளியேயும் விடும். கனமான சுவர் ஓர் அங்குலம் காய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது கட்டடக்காரர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. அந்தக் காலத்துக்குள் அவசரப்பட்டுச் சிமெண்ட் பூசினால், ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, மேலே மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும். எங்களிடம் வந்த முதல் ஒப்பந்தக்காரர், பொங்கலுக்குள் எல்லாச் சுவரையும் சிமெண்ட் பூசி வண்ணமடித்துத் தருவதாகச் சொன்னார். ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர், உப்பி நிற்கும் பழைய பூச்சை மட்டும் நீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேல்வரை கொத்திவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்து, கோடை முழுவதும் அப்படியே விடச் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தோம். பிறகு சுண்ணாம்புச் சாந்திலேயே பூசினோம். அதற்குக் கை தெரிந்த கொத்தனாரைத் தேடுவதுதான் கடினமாக இருந்தது.

விரிசல்களைக் கண்டதும் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பூச்சில் மயிரிழையாக ஓடுபவை பெரும்பாலும் காய்வதால் வருபவை. ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல்லையும் பிளந்துகொண்டு போகும் விரிசல், அடித்தளம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டலாம். விரிசலுக்குக் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள்; கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போது பொறியாளர் பார்க்காமல் யாரும் அந்த அறையில் படுக்கக் கூடாது. வீங்கிய தேக்குக் கதவுகளை இழைத்துச் சின்னதாக்கிவிடாதீர்கள். காய்ந்தால் பழைய அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடும். புறவாசல் கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடரைத் தனியாகக் கரைத்து, அதன் தெளிந்த நீரைக் கிணற்றில் ஊற்றி, ஓர் இரவு விட்டு, மீண்டும் இறைத்த பிறகே புழங்க வேண்டும். குடிப்பதற்குமுன் நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

சுவர் காயும் காலத்தில் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை, அத்தைக்கு அந்த வீடு எப்படி வந்தது என்பதைக் கண்டுபிடிப்பது. நீங்கள் கேள்வியில் சொல்லாத இந்த ஒன்றில்தான், வீடு உங்கள் பக்கத்துக்கு வருமா என்பதே இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, பிள்ளைகளும் கணவரும் இல்லாமல், உயிலும் இல்லாமல் ஒரு பெண் இறந்தால், அவருடைய சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது; பிறந்த வீட்டாருக்கு அதற்குப் பிறகுதான் இடம். தாய் அல்லது தந்தையிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து இதற்கு விலக்கு; பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லாவிட்டால் அது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஆனால் தந்தை உயிரோடு இருக்கும்போது மகளுக்குச் செட்டில்மென்ட் (தானமாகத் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்திருந்தால், அது வாரிசுரிமையாக வந்ததாகக் கொள்ளப்படுவதில்லை. தாத்தா கட்டிய வீடுதானே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, சட்டப்படி அது அத்தையின் கொழுந்தன் பிள்ளைகளுக்கு உரியதாக இருக்கலாம். இந்தச் சட்டம் நியாயமா என்று கேட்டால், நான் இல்லை என்பேன். ஆனாலும் பத்திரத்தைப் படிக்காமல் வீட்டில் பணத்தைப் போடுவது அறிவுடைமை ஆகாது. எங்கள் அத்தைக்குத் தாத்தா இறந்தபின் நடந்த பாகப்பிரிவினையில் வீடு வந்திருந்ததால், அப்பாவுக்கும், இறந்துபோன சித்தப்பாவின் பிள்ளைகளுக்கும் உரிமை வந்தது.

பத்திரம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில், மை ஒட்டாத வெள்ளைத் தாள்களை இடையிடையே வைத்துக் காயவிடுங்கள். உடனே கவனிக்க நேரமில்லை என்றால் பையில் கட்டி ஃபிரீசரில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது. அழிந்தே போனாலும் குடி முழுகிவிடாது. பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஆவண எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டு போனால் வேலை எளிது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், வீட்டு வரியிலும் மின் இணைப்பிலும் பெயர் மாற்றம் என்று வரிசையாகப் போக வேண்டும். நேரடி வாரிசு இல்லாத இறப்பில் உரிமையியல் நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கலாம். எங்கள் வழக்கறிஞர் அந்த வழியைத்தான் சொன்னார், சுவர் காய்ந்து பூச்சு முடிந்த பிறகும் அது இழுத்துக்கொண்டிருந்தது.

நிவாரணத்தைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2023இல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் குடும்ப அட்டையின் பேரில் ரேஷன் கடை வழியாகப் போனது. ஆள் வசிக்காத வீட்டுக்கு அதில் இடமில்லை.

விற்பனையைப் பொறுத்தவரை, வெள்ளம் வடிந்த முதல் மாதத்தில் உங்கள் வாசலுக்கு வருபவர் இடத்தின் மதிப்பை நன்றாக அறிந்தவராகவும், உங்கள் களைப்பை அதைவிட நன்றாக அறிந்தவராகவும் இருப்பார். அவரிடம் முன்பணம் வாங்காதீர்கள். வாரிசுகளில் ஒருவர் மட்டும் ஒப்பந்தம் எழுதினால் அது அவருடைய பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும், மற்றவர்களோடு வழக்கு வரும். காய்ந்தபின் பொறியாளர் சொல்லும் செலவு, காலி மனையின் விலையோடு ஒப்பிடக்கூடிய அளவுக்குப் போனால் விற்பதே சரி. அடித்தளமும் உத்திரமும் நன்றாக இருந்து, குடும்பத்தில் ஒருவராவது ஆண்டில் சில மாதங்கள் தங்குவார் என்றால், மற்றவர்களிடம் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொண்டு அவரே வைத்துக்கொள்ளட்டும். அப்படி வைத்துக்கொள்பவர் சுவிட்சுப் பலகைகளை நீர் நின்ற கோட்டுக்கு மேலே ஏற்றி, வெள்ளத்துக்கும் சேர்த்து வீட்டுக் காப்பீடு எடுத்து, மூலப்பத்திரத்தைக் கரையோர ஊரில் வைக்காமல் வங்கிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். யாரும் தங்கப் போவதில்லை, பாசத்துக்காக மட்டும் பூட்டி வைப்போம் என்றால், தயவுசெய்து விற்றுவிடுங்கள். அடுத்த வெள்ளத்துக்கு முன்பே கரையான் அதைத் தின்றுவிடும்.