வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதிப்பது கத்தோலிக்கருக்குப் பாவமா?

டாக்டர்கள் கைவிரித்த பிறகு அப்பாவின் வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்தால் அது கொலையாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. திருச்சபை கருணைக்கொலையை அடியோடு மறுக்கிறது. ஆனால் உயிரை எப்பாடுபட்டாவது இழுத்துப் பிடித்தே ஆக வேண்டும் என்று அது சொன்னதில்லை. 1957-லேயே திருத்தந்தை 12ஆம் பயஸ் மயக்கவியல் மருத்துவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: சாதாரண சிகிச்சை கடமை, பெரும் சுமையாகிவிடும் அசாதாரண சிகிச்சை கடமையல்ல. வலி தாங்காதவருக்கு மார்ஃபின் கொடுக்கலாம், அதனால் ஆயுள் சற்றுக் குறைந்தாலும்கூட. நோக்கம் வலியைத் தணிப்பதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் வருவது மூக்குக் குழாயில். மூச்சு இயந்திரம் வேறு, அந்தக் குழாயில் இறங்கும் கஞ்சித் தண்ணீர் வேறு. நினைவின்றிக் கிடப்பவருக்கும் உணவும் நீரும் சாதாரணப் பராமரிப்புதான் என்று 2004-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சொன்னார். உடம்பு ஏற்கும்வரை நிறுத்தக் கூடாது. அவரே மறு ஆண்டு, கடைசி நாட்களில் மருத்துவமனைக்குத் திரும்பிப் போகவில்லை. ஏப்ரல் 2 அன்று வத்திக்கானில் தன் அறையிலேயே இறந்தார்.

அப்புறம் ஒன்று: நோயில்பூசுதலுக்கு (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்) பங்குத்தந்தையை முன்கூட்டியே கூப்பிடுங்கள். பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் போன் போகிறது.