வீட்டில் மனைவிக்குப் பங்கு கேட்டால் குடும்பம் உடையுமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கல்லூரியில் 'திருமணத்தில் பெண்களின் உரிமைகள்' என்ற தலைப்பில் இரண்டு நாள் கருத்தரங்கம் நடந்தது. முதுகலை மாணவி என்ற முறையில் நானும் கட்டணம் கட்டிக் கலந்துகொண்டேன். கேள்வி நேரத்தில், "கல்யாணத்துக்குப் பிறகு கணவர் வாங்குகிற வீட்டில் மனைவிக்குப் பங்கு உண்டா?" என்று கேட்டேன். மேடையிலிருந்த மூத்த பேராசிரியர், "அதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம்மா. நம்ம மரபிலேயே கிடையாது. புருஷன் பெண்டாட்டிக்குள்ள பங்குக் கணக்கு வந்தா குடும்பம் நிலைக்காது" என்றார். அரங்கமே கைதட்டியது. அவர் சொன்னது சரிதானா? இந்த மாதிரிக் கருத்தரங்கங்களால் பெண்களுக்கு என்னதான் பயன்?
— ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: அவர் சொன்னதில் எதுவும் சரியில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கைதட்டலைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் மரபு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத்துக்குத் தேசவழமை என்று பெயர். டச்சுக்காரர்கள் 1707இல் அதை எழுத்தில் தொகுத்தார்கள். மக்களிடம் அது அதற்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருந்தது. கணவன் வழியில் வந்தது முதுசம், மனைவி கொண்டுவந்தது சீதனம், கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்தது தேடிய தேட்டம் என்று அது சொத்தை மூன்றாகப் பிரித்தது. இதில் தேடிய தேட்டம் இருவருக்கும் பொது. ஆங்கிலேயர் காலத்தில், 1911இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டம் இதை இன்னும் தெளிவாக எழுதியது: இருவரில் யார் சம்பாதித்திருந்தாலும், யார் பெயரில் வைத்திருந்தாலும், இருவருக்கும் சம உரிமை. நீங்கள் மேடையைப் பார்த்துக் கேட்டது இதைத்தான். தமிழ்க் குடும்பங்கள் இதன்படி வாழ்ந்திருக்கின்றன.

அந்தச் சட்டத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மணமான பெண் தன் சொந்த நிலத்தை விற்கக்கூடக் கணவனின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்ற விதியும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. சம உரிமை என்ற பகுதியும் 1947 திருத்தத்தில் தேய்ந்துபோனது; அதன்பிறகு, ஒருவர் இறந்தால் அவருடைய தேட்டத்தில் பாதி துணைக்குப் போகும் என்ற அளவில் நின்றுவிட்டது. ஆனால் "நம் மரபிலேயே கிடையாது" என்று ஒரு பேராசிரியர் மாணவிகள் முன்னால் அடித்துச் சொல்லலாமா? ஆய்வுக் கருத்தரங்க மேடையில் பேசுகிறவர் இதைத் தேடிப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

அடுத்து, குடும்பம் நிலைக்காது என்ற பயம். கோவாவில் 1867ஆம் ஆண்டின் போர்ச்சுகீசிய சிவில் சட்டம் 1870 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு தனியாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால் கணவன் மனைவி சொத்து இருவருக்கும் பொது என்பது அங்கே விதி. வீட்டையோ நிலத்தையோ கணவன் விற்க வேண்டுமென்றால் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். நிர்வாகம் கணவன் கையில் என்ற குறை அதிலும் உண்டு. 1961இல் கோவா இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அந்தச் சட்டம் தொடர்ந்தது. இந்துக் குடும்பங்களும் அதன் கீழ்தான் வாழ்கின்றன. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே தன் 5ஏ பிரிவில் இதை ஏற்றுக்கொண்டது: அந்த முறைக்கு உட்பட்ட தம்பதிகள் சம்பளம் தவிர மற்ற வருமானத்தைப் பாதி பாதியாகப் பிரித்து இருவர் கணக்கிலும் காட்ட வேண்டும். 150 ஆண்டுகளுக்கு மேலாகப் பங்குக் கணக்கோடுதான் அங்கே குடும்பம் நடக்கிறது.

நமக்கு என்ன இருக்கிறது? கோவாவையும் அதே போர்ச்சுகீசியச் சட்டம் உள்ள டாமன், டையூ போன்ற பகுதிகளையும் தாண்டினால், கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தில் மனைவிக்கு இவ்வளவு என்று சொல்லும் பொதுச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சொத்து. மனைவி ஜீவனாம்சம் கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம். குடியிருக்கலாம், ஆனால் அது அவள் வீடு ஆகாது.

எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரே கதை வேறு வேறு ஊர்ப் பெயரோடு வந்துகொண்டே இருக்கிறது. மனை வாங்க முன்பணம் போதவில்லை. அவளுடைய ஆரமும் வளையலும் வங்கிக்குப் போகின்றன. நகை அவளுடையது, நகைக்கடன் அவர் பெயரில். பத்திரமும் பட்டாவும் அவர் பெயரில். வீடு எழும்பும்போது காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் விட்டவள் அவள். சிமெண்ட் மூட்டையை எண்ணி இறக்கினாள், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் டீ போட்டாள், கடனை அடைக்கப் பல வருஷம் வீட்டுச் செலவைச் சுருக்கினாள். பிரச்சினை என்று வந்து வழக்கறிஞரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்க பெயர்ல ஏதாவது இருக்காம்மா?"

மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். இந்த உழைப்புக்கு விலை போட நம் நீதிமன்றங்களுக்குத் தெரியாமல் இல்லை. 1989இல் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாவில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்த வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம், இறந்த இல்லத்தரசிகள் வீட்டுக்குச் செய்த வேலையின் மதிப்பை மாதம் 3,000 ரூபாய் என்று வைத்து இழப்பீடு கணக்கிட்டது. சாலை விபத்து வழக்குகளிலும் இப்படி மதிப்புப் போடுகிறார்கள். அதாவது, மனைவி விபத்தில் இறந்தால் அவள் வேலைக்கு ஒரு தொகை உண்டு. அது குடும்பத்துக்குப் போகிறது. அவள் உயிரோடு வந்து, "இத்தனை வருஷம் உழைத்தேனே, எனக்கு என்ன?" என்று கேட்டால் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது?

அந்தப் பதிலைச் சொல்லத் துணிந்தது சென்னை உயர் நீதிமன்றம். கணவர் சவுதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் வாங்கிய சொத்தெல்லாம் தன் பணத்தில் வாங்கியவை, அதனால் தனக்கே சொந்தம் என்று கணவர் வழக்குப் போட்டார். 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்புச் சொன்னார். மனைவி வீட்டைக் கவனித்துக்கொண்டதால்தான் கணவரால் வெளிநாட்டில் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது. சொத்து சேர்ந்ததில் இருவருக்கும் பங்கு இருக்கிறது. மனைவியின் உழைப்பை அங்கீகரிக்கச் சட்டம் இல்லை என்றாலும், நீதிமன்றம் அங்கீகரிப்பதைத் தடுக்கவும் சட்டம் இல்லை. இதுதான் தீர்ப்பின் சாரம். குடும்பத்துக்காக விடுமுறையே இல்லாமல் உழைக்கும் பெண்ணுக்குக் கடைசியில் தன்னுடையது என்று சொல்ல எதுவும் மிஞ்சாமல் போவதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனால் தீர்ப்பு ஒருவருக்குக் கிடைப்பது. எல்லாருக்கும் கிடைக்கச் சட்டம் வேண்டும். அதற்கும் ஒரு முயற்சி நடந்தது. திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா 2010இல் வந்தது. மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தில் விவாகரத்து கொடுக்கும்போது, கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்கும் ஒரு பங்கைத் தரவேண்டும் என்ற யோசனையோடு 2013 ஆகஸ்டில் அது மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை அதை நிறைவேற்றவில்லை. அவையின் காலம் முடிந்ததும் மசோதாவும் காலாவதியானது. உங்கள் கருத்தரங்கில் இரண்டு நாளில் யாராவது இந்த மசோதாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா?

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மாநாடுகளால் பயன் உண்டா? உண்டு, நிறையவே உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்தது. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை, விவாகரத்து உரிமை, விதவை மறுமணம் என்று தீர்மானம் போட்டார்கள். அன்றைக்குக் குடும்பம் கெட்டுவிடும் என்று எதிர்த்தவர்கள் எத்தனையோ பேர். 1949இல் சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்தது. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு 1989இல் தமிழ்நாட்டில் சட்டமானது. தீர்மானத்துக்கும் இதற்கும் நடுவில் 60 ஆண்டுகள். அப்போதும், சட்டம் வருவதற்கு முன்பே கல்யாணமாகிப் போன மகள்களை விட்டுவிட்டார்கள். அந்த வேறுபாடு 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தில்தான் நீங்கியது.

அது அரசியல் மாநாடு, இது ஆய்வுக் கருத்தரங்கம் என்று சொல்வார்கள். சரி, ஆய்வாவது செய்யட்டுமே. தலைப்பில் 'உரிமைகள்' என்று போட்டுவிட்டுச் சொத்தைப் பற்றிக் கேட்ட பெண்ணை மரபைக் காட்டி உட்கார வைத்தால், அந்த இரண்டு நாளில் எந்த உரிமையைப் பேசினார்கள்? குடும்பநல நீதிமன்றத்தில் வழக்காடும் பெண் வழக்கறிஞர் ஒருவரை அழைத்திருக்கலாம். ஒரே தெருவில் நூறு வீடுகளுக்கு மாணவிகளை அனுப்பி, பத்திரம் யார் பெயரில், முன்பணத்துக்கு யாருடைய நகை போனது, வீட்டுக் கடன் யார் பெயரில் என்று விசாரித்து எழுதச் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு கட்டுரை இருந்தால் அதை மேடையில் யாராலும் ஒரு வரியில் தள்ளிவிட முடியாது.

அந்த வேலையை நீங்களே ஆரம்பியுங்கள். முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் வீட்டிலும் உறவிலும் யாராவது மனையோ வீடோ வாங்கப் போகிறார்கள் என்றால் மனைவி பெயரையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பெண்கள் பெயரில் பதிவு செய்யும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் தமிழக அரசு பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறது, இதையும் சொல்லுங்கள். நகையை அடகு வைத்தால் ரசீதை மனைவி தன்னிடம் வைத்திருக்கட்டும். தன் கணக்கிலிருந்து வீட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வங்கி விவரம் இருக்கட்டும். வழக்கு என்று வந்தால் இந்தக் காகிதங்கள்தான் கைகொடுக்கும்.

அடுத்த ஆண்டும் அந்தக் கருத்தரங்கம் நடக்குமானால், முதல் நாளே ஒரு தீர்மானத்தை எழுதிக்கொண்டு போங்கள்: கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தில் மனைவிக்குச் சம பங்கு தரும் சட்டம் வேண்டும் என்று. துறைத் தலைவரிடம் கையெழுத்துக் கேளுங்கள்; அந்தப் பேராசிரியரிடமும் கேளுங்கள். அதைச் சட்ட ஆணையத்துக்கும் உங்கள் தொகுதி எம்.பி.க்கும் அனுப்பிவிட்டு, எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.