கஞ்சாச் செடியின் விதையைச் சாப்பிடலாமா, மாடியில் வளர்க்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 58. கோவையில் இருக்கிறோம், சுத்த சைவம். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஒரு மாத்திரை. டேராடூனில் வேலை பார்க்கும் மகன் லீவுக்கு வந்தபோது 'ஹெம்ப் விதை' என்று தோல் உரித்தது ஒரு பாக்கெட், அங்கே சந்தையில் வாங்கிய உரிக்காதது அரைக் கிலோ கொண்டுவந்தான். புரதமும் ஒமேகா 3யும் நிறைய இருக்கிறது, தினமும் சாப்பிடு என்கிறான். இது கஞ்சாச் செடியின் விதை என்று தெரிந்ததிலிருந்து என் கணவர் அதைத் தொடமாட்டேன் என்கிறார். அவர் இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துவருகிறார். சாப்பிட்டால் போதை வருமா? தண்ணீரும் மருந்தும் அதிகம் கேட்காத பயிர் என்கிறார்களே, மாடித்தோட்டத்தில் நாலு செடி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வணக்கம் அம்மா. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அளவாகச் சாப்பிடலாம், போதை வராது. உங்கள் கணவர் அவருடைய இதய மருத்துவரிடம் சொல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். மாடியில் மட்டும் வைக்கவே கூடாது, ஒரு செடிகூட.

போதை பயத்தை முதலில் பார்ப்போம். கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற வேதிப்பொருள். அது செடியின் பூங்கொத்திலும் அதை ஒட்டிய சிறு இலைகளிலும் இருக்கும் பிசினில்தான் ஊறுகிறது. விதைக்குள் கிட்டத்தட்ட கிடையாது. ஆனால் விதை வளர்வது அந்தப் பூங்கொத்துக்கு நடுவில் என்பதால், பிசின் மேல்தோலில் லேசாக ஒட்டிக்கொண்டு வரும். ஆக, எவ்வளவு சுத்தம் செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் விஷயமே இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் ஹெம்ப் விதையையும் அதன் எண்ணெயையும் மாவையும் உணவாக அங்கீகரித்தபோது, விதையில் டிஎச்சி ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, எண்ணெயில் 10க்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. அந்த வரம்பைத் தொடும் விதையிலேயே 30 கிராம் சாப்பிட்டாலும் உடம்புக்குள் போவது 0.15 மில்லிகிராம்தான். டிஎச்சியையே மருந்தாகக் கொடுக்கும்போது ஆரம்ப டோஸ் 2.5 மில்லிகிராம் என்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் பாக்கெட்டைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி இரண்டும் அதில் அச்சாகி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன் இருக்கும் உத்தராகண்டில் இது புது உணவே இல்லை. குமாவோன், கட்வால் மலைக் கிராமங்களில் 'பாங்' விதைத் துவையல் இல்லாத வீடு குறைவு. இந்தச் செடிக்கு அங்கே பாங் என்று பெயர். விதையை வெறும் சட்டியில் சிறு தீயில் வறுத்து, படபடவென்று வெடித்து மணம் வந்ததும் இறக்கி, பச்சை மிளகாய், கொத்தமல்லி அல்லது புதினா, சீரகம், உப்பு சேர்த்து அம்மியில் அரைத்து எலுமிச்சை பிழிவார்கள். உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தொட்டுக்கொள்வது அதைத்தான். குளிர் காலத்தில் விதையை அரைத்துப் பிழிந்த பாலைச் சேப்பங்கிழங்குக் குழம்பில் ஊற்றுவதும் உண்டு. அங்கே அது ஏழைக் குடும்பத்தின் கொழுப்பும் புரதமும். அதே செடியின் தண்டில் உரித்த நாரில் கயிறு திரித்திருக்கிறார்கள், முரட்டுத் துணி நெய்திருக்கிறார்கள். மானாவாரி மலைச்சரிவில் நெருக்கமாக வளர்ந்து களையை அமுக்கிவிடும் என்பதால் களைக்கொல்லிச் செலவு குறைவு, ஏறக்குறைய நாலு மாதத்தில் அறுவடை, விதையும் போக நாரும் மிஞ்சும். நல்ல பயிர் என்று நீங்கள் கேள்விப்பட்டதில் பொய் இல்லை, அந்த மலைக்கு அது நிஜமாகவே பொருத்தமான பயிர்தான்.

சரி, சத்து. உரித்த விதை 100 கிராமில் புரதம் சுமார் 31 கிராம், கொழுப்பு 49 கிராம், இரும்பு 8 மில்லிகிராம், மெக்னீசியம் 700 மில்லிகிராம். மாவுச்சத்து மிகக் குறைவு, அதனால் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. கொழுப்பிலும் பெரும்பகுதி நல்ல வகை, ஒமேகா 6க்கும் ஒமேகா 3க்கும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம். ஆனால் இரண்டு விஷயத்தை விளம்பரத்தில் சொல்வதில்லை. ஒன்று, இதன் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளமாக இருப்பதால், சாம்பாரோ சுண்டலோ கூடவே இருந்தால்தான் கணக்கு சரியாகும். இன்னொன்று, செடிகளில் உள்ள ஒமேகா 3, மீனில் இருக்கும் வகை அல்ல. நம் உடம்பு அதைக் கொஞ்சமாகத்தான் மாற்றிக்கொள்ளும். மூன்று மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம் அளவில், 165 கலோரிக்கு மேல் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஏற்கெனவே சாப்பிடுவதோடு இதைக் கூடுதலாகச் சேர்த்தால் எடைதான் ஏறும், எதையாவது எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வையுங்கள். மாலை நேர முறுக்கு, மிக்சருக்குப் பதில் என்றால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அளவு என்று கேட்டால், முதல் வாரம் தினம் ஒரு தேக்கரண்டி. வயிறு ஒத்துக்கொண்டால் இரண்டு மேசைக்கரண்டி வரை போகலாம். எண்ணெய் அதிகம் என்பதால் எடுத்தவுடனே நிறையச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரும். தயிர் சாதத்தில், உப்புமாவில், பொரியலில் அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். உரித்த விதை சீக்கிரம் காறிப்போகும், பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கசப்போ பழைய பெயின்ட் வாசனையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஹெம்ப் விதை எண்ணெய் வாங்கினாலும் தாளிக்கவோ பொரிக்கவோ அது ஆகாது, சூடு தாங்காது.

சந்தையில் வாங்கிய அரைக் கிலோ விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பரிசோதனை எதுவும் ஆகாத விதை அது. ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். விதை மிளகைவிடச் சிறியதாக, சாம்பலும் பழுப்பும் கலந்து, மேலே மெல்லிய வலைக்கோடு ஓடினாற்போல இருக்கும். நடுநடுவே பச்சையாகவோ பழுப்பாகவோ சருகு, காம்பு, விதையைப் பாதி மூடிய சிறு உறை தென்படுகிறதா? டிஎச்சி ஒட்டிக்கொண்டு வருவது அதில்தான். சட்டமும் அங்கேதான் குறுக்கே வரும்: 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பூங்கொத்து கலக்காத விதையையும் இலையையும் கஞ்சா என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது, பூங்கொத்தோடு கலந்திருந்தால் விலக்கு இல்லை. குப்பை நிறையக் கலந்திருந்தால் மொத்தத்தையும் சாப்பிடாதீர்கள். விதை மட்டும்தான் சுத்தமாக இருக்கிறது என்றால் பொறுக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, காயவைத்து, வறுத்துத் துவையல் அரைக்கலாம். மேல்தோல் நறநறக்கும், நைஸாக அரைக்க வேண்டும். ஒரு விஷயம், கழுவிய தண்ணீரைச் செடித்தொட்டியில் ஊற்றாதீர்கள். வறுக்காத விதை ஒன்று விழுந்தாலும் முளைத்துவிடும்.

முளைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அதே சட்டத்தின் 20ஆவது பிரிவில், அனுமதியில்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்று இருக்கிறது. சமையலுக்கு வைத்தேன் என்பது அங்கே பதிலாகாது. நாருக்கும் விதைக்கும் மட்டும் வளர்க்க அரசு அனுமதி தரலாம் என்று 14ஆவது பிரிவு சொல்கிறது, அதை வைத்துத்தான் உத்தராகண்ட் 2018இல் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. அங்கேயும் செடியில் டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டியதா இல்லையா என்று இலையைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். மலையில் காலம்காலமாக விளையும் நாட்டு விதைகளில் பல அந்த வரம்பைத் தாண்டிவிடுகின்றன என்பது அங்குள்ள விவசாயிகளுக்கே பெரிய தலைவலி. கோவை மாடியில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம் அம்மா.

இதோடு ஒட்டிய இன்னொரு ஆபத்தும் உண்டு, இதை அழுத்திச் சொல்கிறேன். ஹெம்ப் என்பதைச் சணல் என்றும் சணப்பை என்றும் எழுதுகிறார்கள். உரக்கடையில் பசுந்தாள் உரத்துக்காக விற்கும் சணப்பை வேறு செடி, கிலுகிலுப்பை இனத்தைச் சேர்ந்தது. அந்த விதையைச் சாப்பிடவே கூடாது. அந்த இனத்து விதைகளில் கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடும் நச்சு இருக்கிறது. 1970களில் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள சர்குஜா மாவட்டத்தில் ஒரு கிலுகிலுப்பை விதை சாமையோடு கலந்துபோய், அதைச் சாப்பிட்டவர்கள் வயிறு வீங்கி, கல்லீரல் கெட்டு, பலர் இறந்துபோனார்கள். சணல் சாக்குக்கான நார் தரும் செடியின் விதையும் நஞ்சுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது.

உங்கள் கணவரைப் பொறுத்தவரை, விதையே விஷம் என்பதில்லை. வார்ஃபரின் எடுப்பவருக்குச் சாப்பாட்டில் எந்த மாற்றமும் ஐஎன்ஆர் எண்ணை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவை, ஆட்டலாம், வால்வு மாற்றியவருக்கு அந்த எண் ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. ஆசைப்பட்டால் அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தினமும் ஒரே அளவாக ஆரம்பித்து, சீக்கிரமே ஐஎன்ஆர் பார்க்கட்டும். இதைவிட முக்கியமானது, யாராவது 'சிபிடி எண்ணெய்' என்று கொண்டுவந்து கொடுத்தால் வாங்கவே கூடாது. சிபிடி கஞ்சாச் செடியில் உள்ள இன்னொரு வேதிப்பொருள். அந்த எண்ணெய் விதை எண்ணெய் இல்லை, பூவிலும் இலையிலும் எடுப்பது. வார்ஃபரின் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். பாட்டில்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

வேறு யாருக்கெல்லாம் வேண்டாம் என்றால், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும், 100 கிராமில் பாஸ்பரஸ் 1,650, பொட்டாசியம் 1,200 மில்லிகிராம். கப்பல் வேலை, விளையாட்டு என்று சிறுநீரில் போதைப்பொருள் சோதனை இருப்பவர்கள் தவிர்ப்பதே நல்லது, சரியாகச் சுத்தம் செய்யாத விதை சோதனையில் சிக்கவைக்கலாம். சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது பெட்டியில் இதைப் போடாதீர்கள்.

மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சத்துக்காகவும் மண்ணுக்காகவும் என்றால் நீங்கள் டேராடூன் வரை போக வேண்டியதே இல்லை. வேர்க்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம். ஆளி விதையில் ஒமேகா 3 இதைவிட இரண்டு மடங்குக்கு மேல். உரித்த ஹெம்ப் விதையில் சுண்ணாம்புச் சத்து 70 மில்லிகிராம்தான், தோலோடு கூடிய எள்ளில் 900க்கும் மேல். எள்ளும் கடலையும் நம் மானாவாரி நிலத்தில் பெய்த மழையை வைத்தே விளைபவை, கடலை கூடுதலாக மண்ணுக்குத் தழைச்சத்தையும் விட்டுப் போகும், விலையும் கையைக் கடிக்காது. குமாவோன் பெண்கள் பாங் விதையை எப்படிக் கையாள்கிறார்களோ, அப்படித்தான் நம் பாட்டிமார் எள்ளுப் பொடியைக் கையாண்டார்கள். மகன் ஆசையாகக் கொண்டுவந்ததைச் சாப்பிடுங்கள், தீர்ந்த பிறகு பணம் செலவழித்து வரவழைக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பல வருட மெட்ஃபார்மின், அதோடு சுத்த சைவம்: இந்த இரண்டும் சேர்ந்தால் வைட்டமின் பி12 குறைய வாய்ப்பு அதிகம். ஹெம்ப் விதையில் பி12 கிடையாது, எந்த விதையிலும் கிடையாது. கால் எரிச்சல், மதமதப்பு, காரணமில்லாத அசதி, மறதி இருந்தால் சர்க்கரையால்தான் என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போதே பி12, ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைவாக இருந்தால் மாத்திரையிலேயே சரிசெய்யலாம், மிகவும் குறைந்திருந்தால் ஊசி தேவைப்படும். கிரியாட்டினின் கூடியிருந்தால் விதையை நிறுத்திவிட்டு, ரிப்போர்ட்டோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.