காரைக் கேளுங்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கார் டயர்ல 'மேக்ஸ் 44 பிஎஸ்ஐ'ன்னு பொறிச்சிருக்கு. காத்து அடிக்கிற இடத்துல கேட்டா 32 போதும்ங்கிறாங்க. டயர் கம்பெனிக்குத் தெரியாததா இவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு?

பதில்: இந்த விஷயத்துல காத்து அடிக்கிறவர் பக்கம்தான் நியாயம் இருக்கு சார். டயர்ல போட்டிருக்கறது அந்த டயர் தாங்குற உச்ச காத்தழுத்தம், பிஎஸ்ஐங்கறது அந்த அழுத்தத்த அளக்கற கணக்கு. அதே டயரை வேற வேற கார்ல மாட்டுவாங்க, உங்க வண்டி எவ்ளோ வெயிட்டுன்னு டயருக்கு எப்படித் தெரியும்? உங்க வண்டிக்கான அளவு டிரைவர் கதவைத் தொறந்தா ஓரத்துல ஸ்டிக்கரா ஒட்டியிருக்கும், சில வண்டியில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும், அவர் சொன்ன 32 அதோட ஒத்துப்போகுதான்னு மட்டும் பாத்துக்கங்க. ஆள் கம்மின்னா ஒரு அளவு, ஃபுல் லோடுன்னா ஒரு அளவுன்னு பெரும்பாலும் ரெண்டு போட்டிருப்பாங்க. காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி டயர் ஆறியிருக்கறப்பதான் பாக்கணும், ஓட்டிட்டுப் போய் பாத்தா சூட்டுல மூணு நாலு பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதை நம்பி காத்த எறக்கிட்டீங்கன்னா மறுநாள் காலைல டயர் சப்பையா நிக்கும்.

அப்படியே குனிஞ்சு டயர் மேல கைய வெச்சு ஒரு தடவ தடவிப் பாருங்க. நடுவுல மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா காத்து கம்மி, ஒரே ஒரு ஓரம்னா அலைன்மென்ட், அதாவது சக்கரம் நேரா நிக்கற கோணம், போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. பள்ளத்துக்குள்ள அங்கங்க குறுக்கால சின்னச் சின்ன மேடு இருக்கும், டயர் தேஞ்சு அதுக்குச் சமமா வந்துட்டா 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம்னு அர்த்தம், யோசிக்காம மாத்திடுங்க. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் ஒண்ணு இருக்கும், 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சது. ஓடாம சும்மா கெடந்தாலும் ரப்பருக்கு வயசாகும், அதனால டிக்கியில தூங்குற ஸ்டெப்னிக்கும் காத்தோட சேத்து இந்த நம்பரையும் பாத்துடுங்க, நம்மாளுங்க அதை பஞ்சர் ஆன அன்னைக்குத்தான் நெனைப்பாங்க.

கேள்வி: டீசல் கார். சர்வீஸ் விட்டு ரெண்டு வாரம்தான் ஆகுது, டிப்ஸ்டிக்க உருவிப் பாத்தா ஆயில் கறுப்பா இருக்கு. ஆயில் மாத்தாமலே ஏமாத்திட்டாங்களா?

பதில்: நிறத்த மட்டும் வெச்சு அவங்க மேல பழி போடாதீங்க. டீசல் எஞ்சின்ல கரி சேரத்தான் செய்யும், அதை இழுத்து வெச்சுக்கறதுதான் ஆயிலோட வேலையே, அதனால சீக்கிரமே கறுத்துடும். பயப்பட வேண்டியது ஆயில் பால் காப்பி கலர்ல நுரைச்சுக் கெடந்தாத்தான், எஞ்சின் சூட்டத் தணிக்கிற கூலன்ட்டு உள்ள கலந்திருக்கலாம், அப்ப வண்டிய ஸ்டார்ட் பண்ணாம மெக்கானிக்க கூப்பிடுங்க. அளவு பாக்கறப்ப சமதளத்துல நிறுத்தி, எஞ்சின ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் விட்டு, குச்சிய தொடச்சு மறுபடி விட்டு எடுத்துப் பாருங்க, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருந்தா போதும். கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானேன்னு மேல் கோட்டத் தாண்டி ஊத்தறவங்க இருக்காங்க, அது நல்லதில்ல, அதிகமா இருந்தா எஞ்சினுக்குள்ள சுத்துற கிராங்க் ஷாஃப்ட்ங்கற தண்டு ஆயிலக் கடைஞ்சு நுரையாக்கிடும், நுரைக்கு வழவழப்புத் தர்ற சக்தி கெடையாது.

கேள்வி: வண்டி நின்ன எடத்துல சொட்டு சொட்டா தண்ணி. ஓட்டலாமா?

பதில்: ஏசி போட்டுட்டு வந்து நிறுத்துனீங்களான்னு முதல்ல யோசிங்க மேடம். ஏசி தண்ணியா இருந்தா நிறமும் இருக்காது வாசனையும் இருக்காது, அதுக்குக் கவலையே வேணாம். சந்தேகம்னா ராத்திரி அடியில ஒரு அட்டைய விரிச்சு வெச்சுட்டு காலைல பாருங்க. பச்சையோ ரோஸோ ஏதாவது ஒரு கலர்ல, பிசுபிசுன்னு, லேசா இனிப்பு வாசனையோட இருந்தா கூலன்ட்டு. அதை நாய் பூனை நக்கிட்டா உயிருக்கே ஆபத்து, உடனே கழுவி விட்டுடுங்க. சக்கரத்துக்குப் பக்கத்துல எண்ணெய் மாதிரி வழிஞ்சிருந்தா, பெடல மிதிக்கிற அழுத்தத்த சக்கரத்துக்குக் கொண்டு போற பிரேக் ஃப்ளூயிடா இருக்கலாம், அந்த வண்டிய தெருமுனை வரைக்கும் கூட எடுக்காதீங்க.

கூலன்ட்டு ஒழுகி டெம்பரேச்சர் முள் ஏறிடுச்சுன்னா ஓரங்கட்டி எஞ்சின ஆஃப் பண்ணிடுங்க. ரேடியேட்டர் மூடிய மட்டும் சூட்டோட தொறக்கவே கூடாது, உள்ள பிரஷர்ல இருக்கறதால 100 டிகிரியத் தாண்டியும் கொதிக்காம அடங்கிக் கெடக்கற தண்ணி, மூடியத் திருகுன அடுத்த நொடி ஆவியாகி மூஞ்சில அடிக்கும். அரை மணி நேரமாவது ஆற விடுங்க. அவசரத்துக்கு வெறும் தண்ணி ஊத்திக்கலாம், ஆனா அப்படியே மாசக்கணக்கா ஓட்டுனா உள்ள துருப் பிடிக்கும்.

கேள்வி: பிரேக் ஃப்ளூயிட் கொறஞ்சிருக்கு. நானே வாங்கி ஊத்திடலாமா?

பதில்: ஊத்தறதுக்கு முன்னாடி அது எங்க போச்சுன்னு கேளுங்க. பிரேக் பேட் தேயத் தேய ஃப்ளூயிட், சக்கரத்துல பேட அழுத்திப் பிடிக்கற காலிப்பர் பக்கம் எறங்கும், டப்பாவுல அளவு கொறையும். நீங்க நெறப்பி வெச்சுட்டு அப்புறம் புது பேட் போட்டா எல்லாம் திரும்பி மேல வந்து வழியும், பெயின்ட்ல பட்டா பெயின்ட்டே உரிஞ்சுடும். பேட் நல்லா இருந்தும் கொறையுதுன்னா எங்கயோ லீக், அது விளையாட்டு இல்ல. டாட் 3, டாட் 4 வகை ஃப்ளூயிட் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், ஈரம் ஏறுனா சீக்கிரம் கொதிக்கும், எறக்கத்துல தொடர்ந்து பிரேக் அடிக்கறப்ப பெடல் பொசுக்குன்னு உள்ள போயிடும். அதனாலதான் நெறைய கம்பெனிங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்றாங்க.

கேள்வி: தெனமும் காலைல பத்து நிமிஷம் எஞ்சின ஓட விட்டுட்டுத்தான் கிளம்பணும்னு மாமா சொல்றார்.

பதில்: மாமா கார்புரேட்டர் காலத்து ஆள், அது பெட்ரோலையும் காத்தையும் கலந்து விட்ட பழைய பாகம். இப்ப இருக்கற எஞ்சினுக்கு அரை நிமிஷம் தாராளம், முதல் கொஞ்ச தூரம் ஆக்சிலேட்டர மிதிக்காம மெதுவா போங்க, அதுலயே சூடாயிடும்.

கேள்வி: ஒவ்வொரு சர்வீஸுக்கும் எஞ்சின் ஃப்ளஷ்னு உள்ள கழுவி விடறது, அது இதுன்னு பில்ல ஏத்துறாங்க. எது தேவை எது தேவையில்லன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பதில்: "ஓனர்ஸ் மேனுவல்ல இது எந்தப் பக்கத்துல இருக்கு?"ன்னு சிரிச்ச மொகமா கேளுங்க, பாதி பில் அங்கயே எறங்கிடும். எத்தன கிலோமீட்டருக்கு எதை மாத்தணும்னு அந்த புக்ல அட்டவணை இருக்கு, ஃப்ளஷ் அதுல இல்லைன்னா வேணாம்னு சொல்லிடலாம். அதுக்காக எல்லாத்தையும் வேணாம்னுடாதீங்க. வால்வ சரியான நேரத்துல தொறந்து மூட வைக்கற டைமிங் பெல்ட் இருக்கற வண்டின்னா அந்தக் கெடு தாண்டவே கூடாது, பல எஞ்சின்ல அது அறுந்தா பிஸ்டன் போயி வால்வுல இடிக்கும், எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். ஏசி கேபின் ஃபில்டர் மாதிரி சின்ன ஐட்டம்லாம் நீங்களே மாத்திக்கலாம், நெறைய வண்டியில டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னாடி கிளிப்ப அழுத்துனா கையோட வந்துடும்.