டி.வி. தமிழ்நாட்டினுடையது, ஓட்டு கேரளத்தினுடையது: எல்லையோர வாசகர் கேள்வி-பதில்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் (ஆந்திராக்காரர்கள் மன்னிக்க, அது வேறு சித்தூர்) தமிழ் மீடியம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பல தேர்தல்களில் பூத் டூட்டி பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் ஓடும் செய்தி சேனல்கள் எல்லாம் சென்னையிலிருந்து வருபவை. அதனால் ஓட்டுச் சட்டமும் சென்னைச் சட்டமாகவே மனதில் பதிந்துவிடுகிறது. 2025 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி வந்த கேள்விகளில் பாதி அந்தக் குழப்பம்தான்.

பொள்ளாச்சியில் எங்கள் சம்பந்தி வீட்டில் பஞ்சாயத்துத் தலைவருக்கு நேராக ஓட்டுப் போடுகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இல்லை? (வேலந்தாவளம் வாசகி)

இங்கே அப்படி ஒரு ஓட்டே கிடையாது, அம்மா. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவருக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். கேரளத்தில் மூன்று: கிராம பஞ்சாயத்து, பிளாக், ஜில்லா. பிரசிடெண்டை, ஜெயித்த மெம்பர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ஊராட்சி வார்டுக்கும் தலைவருக்கும் கட்சி அடிப்படையில் தேர்தல் இல்லை. இங்கே அடிமட்ட வார்டிலேயே கட்சிச் சின்னம் வந்து நிற்கும்.

எது நல்லது என்று கேட்டால், நான் இங்கத்திய முறையின் பக்கம். நேராக ஜெயித்த தலைவர் ஐந்து வருஷம் மெம்பர்களைக் கண்டுகொள்ளாமல் ஓட்டிவிடலாம். இங்கே இரண்டு மெம்பர் முகம் திருப்பினால் பிரசிடெண்ட் நாற்காலி ஆடும். சில சமயம் ரொம்பவே ஆடுகிறது, அதுவும் உண்மைதான்.

மெஷினைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று பெட்டி வரிசையாக இருக்கும்: கிராமத்துக்கு வெள்ளை, பிளாக்குக்கு ரோஸ், ஜில்லாவுக்கு இளநீலம். மூன்றிலும் அழுத்திய பிறகுதான் நீளமான பீப் வரும். 2020-இல் என் பூத்தில் ஒரு பெரியவர் வெள்ளையில் மட்டும் அழுத்திவிட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மெஷின் அப்படியே காத்துக்கொண்டு நின்றது, வரிசையும் நின்றது. "எனக்கு மெம்பரைத்தான் தெரியும், மத்தவங்க யாரு?" என்றார். நியாயமான பேச்சுதான். அப்படிப்பட்டவர்களுக்காகவே கடைசிப் பெட்டியில் 'எண்ட்' பொத்தான் இருக்கிறது. வேண்டாத ஓட்டை விட்டுவிட்டு அதை அழுத்தினால் போதும். டி.வி.யில் பார்க்கும் நோட்டா இந்த மெஷினில் இல்லை.

கம்பத்தில் சொந்த வீடு, வண்டன்மேட்டில் ஏலத்தோட்ட வேலை. இரண்டு பக்கமும் பெயர் இருக்கிறது. தப்பா? (இடுக்கி வாசகர்)

தப்புதான். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். நீங்கள் சாதாரணமாக எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் அளவுகோல். வீடு சொந்தமாக இருப்பது மட்டும் அதற்குப் போதாது என்று சட்டமே சொல்கிறது. 2021-இல் இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6-இல், சட்டமன்றத் தேர்தல் நடந்தது. இரண்டு இடத்தில் ஓட்டுப் போட்டால் இரண்டும் செல்லாது. பட்டியலில் பெயர் சேர்க்கப் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. எந்தப் பக்கம் வேண்டாமோ அந்தப் பக்கம் படிவம் 7 கொடுத்துப் பெயரை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல்: கேரளத்தில் உள்ளாட்சி வாக்காளர் பட்டியல் தனி. அதை மாநிலத் தேர்தல் ஆணையம் தயாரிக்கிறது. சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருப்பதால் பஞ்சாயத்திலும் இருக்கும் என்று நம்பிக் கடைசி நாளில் அக்ஷயா சென்டருக்கு (கேரள அரசின் இ-சேவை மையம்) ஓடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாத்தா திருநெல்வேலியிலிருந்து எஸ்டேட்டுக்கு வந்தவர். நாங்கள் பட்டியல் சாதி. தேவிகுளம் ரிசர்வ் தொகுதியில் நான் நிற்க முடியுமா? (மூணாறு வாசகர்)

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. பட்டியல் சாதி என்ற தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. தமிழ்நாட்டில் இருக்கும் தகுதியை மூட்டை கட்டி மலையேற்றிக் கொண்டுவர முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990-இலேயே சொல்லிவிட்டது. உங்கள் சாதி கேரளப் பட்டியலில் இருக்க வேண்டும். 1950-இல் ஜனாதிபதி உத்தரவு வந்தபோது குடும்பம் எங்கே இருந்தது என்ற கேள்வியும் வரும். வேடிக்கை என்னவென்றால், லோக்சபா ரிசர்வ் தொகுதி என்றால் எந்த மாநிலத்துப் பட்டியல் சாதியினரும் நிற்கலாம். சட்டமன்றத்துக்கு மட்டும் அந்தந்த மாநிலத்தவராக இருக்க வேண்டும்.

தேவிகுளத்திலேயே இது வழக்காகிவிட்டது. 2021-இல் ஜெயித்த சி.பி.எம். வேட்பாளர் ஏ. ராஜாவின் வெற்றி செல்லாது என்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அவர் கிறிஸ்தவரா, பூர்வீகம் எங்கே என்ற இரண்டும் விவாதத்துக்கு வந்தன. சர்ச் பதிவேடுகள் வரை கோர்ட்டுக்குப் போயின. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவர் வெற்றியை உறுதி செய்தது. ஆனால் அதற்குள் பதவிக்காலத்தில் நான்கு வருஷம் ஓடிவிட்டது. எனவே வேட்புமனுவுக்கு முந்தின வாரம் தாசில்தாரிடம் நிற்காதீர்கள். பாட்டனாரின் எஸ்டேட் பதிவு, பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

எங்கள் மெம்பர் கட்சி மாறிவிட்டார். ஊர் சேர்ந்து நீக்க முடியுமா? (எருத்தேம்பதி வாசகர்)

முடியாது. 1999-இல் வந்த கேரளக் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி அவருடைய கட்சியோ சக மெம்பரோ மாநிலத் தேர்தல் ஆணையத்தில் மனுக் கொடுக்க வேண்டும். நிரூபணமானால் பதவியும் போகும், ஆறு வருஷம் நிற்கவும் முடியாது. சுயேச்சையாக ஜெயித்துக் கட்சியில் சேர்ந்தாலும் இதே கதிதான்.

எஸ்டேட்டில் நாங்கள் இருக்கும் லயம் (தொழிலாளர் வரிசை வீடு) ஒழுகுகிறது. பஞ்சாயத்தோ "எங்கள் கையில் இல்லை" என்கிறது. அப்புறம் ஓட்டு எதற்கு? (வண்டிப்பெரியார் வாசகி)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட முதலாளி மேல் வைத்தது. நிலமும் லயமும் கம்பெனியுடையவை என்பதால் பஞ்சாயத்து பணம் போடத் தயங்குகிறது. நீங்கள் போட்டது பஞ்சாயத்து ஓட்டு, கூரையோ கம்பெனியினுடையது. இந்த இடைவெளியை மெம்பர் தனியாக அடைக்க முடியாது. தொழிற்சங்கம் வழியாகத் தொழிலாளர் துறையை நெருக்க வேண்டும். பொதுப் பாதை, தெருவிளக்கு, அங்கன்வாடி என்றால் மெம்பரை விடாதீர்கள்.

மொழிச் சிறுபான்மைக்குத் தனித் தொகுதி கேட்கலாமா? வேறு நாடுகளில் உண்டா? (கொழிஞ்சாம்பாறை கல்லூரி மாணவர்)

நம் அரசியல் சட்டத்தில் மொழிக்கு இட ஒதுக்கீடு இல்லை. வெளியே பலவிதம் உண்டு. ஜெர்மனியில் டென்மார்க் எல்லையில் வாழும் டேனிஷ் மக்களின் கட்சிக்கு, மற்ற கட்சிகளுக்கு உள்ள 5 சதவீதத் தடை பொருந்தாது. 2021-இல் 55 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் நாடாளுமன்றத்தில் ஓரிடம் பிடித்தார்கள். பின்லாந்தின் ஓலாந்து தீவுகளில் ஸ்வீடிஷ் பேசுகிறார்கள். வெளியிலிருந்து குடியேறுபவர் ஐந்து வருஷம் அங்கேயே வாழ்ந்து, ஸ்வீடிஷும் தெரிந்திருந்தால்தான் தீவின் சபைக்கு ஓட்டுப் போடும் உரிமை கிடைக்கும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் இடமலக்குடி. மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரித்து, 2010-இல் முதுவான் பழங்குடி மக்களுக்கென்று அமைத்த தனிப் பஞ்சாயத்து அது. தொகுதி கேட்டுக் கோஷம் போடுவதைவிட வார்டு எல்லைக் கோட்டைக் கவனிப்பதே மேல் என்று நான் நினைக்கிறேன். தமிழ்க் குடியிருப்பு இரண்டு வார்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்தால், இரண்டிலும் நம் குரல் எடுபடாது. 2024 கடைசியில் வார்டு மறுவரையறை வரைவு வெளியானபோது ஆட்சேபணைக்குக் காலம் கொடுத்திருந்தார்கள். எங்கள் தெருவில் வரைபடத்தை விரித்துப் பார்த்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

கிராம சபையில் தமிழில் பேசலாமா? (வடகரப்பதி வாசகி)

தாராளமாக. தமிழ்நாட்டைப் போல ஜனவரி 26, மே 1 என்று காத்திருக்கவும் வேண்டாம். இங்கே கிராம சபை வார்டு வாரியாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் வந்தால்தான் செல்லும். தொடர்ந்து இரண்டு முறை கூட்டாவிட்டால் மெம்பர் பதவிக்கே ஆபத்து. மனுவையும் தமிழில் எழுதுங்கள். 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுத இடம் தருகிறது. கொடுத்த கையோடு நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.