இடிபாடுகளை அகற்றியதால் இழப்பீட்டு உரிமை போய்விடுமா?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரக் கிராமம் ஒன்றில் சொந்த ஓட்டு வீட்டில் வசிக்கிறோம். புயலடித்த இரவில் பக்கத்து மனைக்காரரின் பழைய புளியமரம் எங்கள் வீட்டின் மீது விழுந்து, கூரையும் ஒரு பக்கச் சுவரும் இடிந்துவிட்டன. அடிமரத்தில் பொந்து இருப்பதால் அதை வெட்டிவிடுமாறு சென்ற ஆண்டே அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். மழை நிற்காததாலும் தெரு அடைபட்டதாலும் ஊர் இளைஞர்கள் மறுநாளே மரத்தை அறுத்து அப்புறப்படுத்தினார்கள். விறகு விற்ற பணம் ஊர்ப் பொதுவில் சேர்ந்தது. மூன்றாம் நாள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொன்னேன். பல நாள் கழித்து வந்த சர்வேயர், இடிபாடுகள் அகற்றப்பட்டதால் சேதத்தை மதிப்பிட இயலவில்லை என்று எழுத, நிறுவனம் கோரிக்கையை நிராகரித்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலரின் பட்டியலில் 'பகுதி சேதம்' என்று இருக்கிறது. பக்கத்து மனைக்காரர், இது இயற்கைச் சீற்றம் என்கிறார். ஆனாலும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு சிறு தொகையைத் தந்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கேட்கிறார். அவருடைய இன்னொரு மரமும் எங்கள் பக்கம் சாய்ந்து நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் கடிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு கொடுத்த பிறகு, இழப்புக்குக் காரணமானவரிடம் அதை வசூலிக்க உங்களுக்கு இருந்த உரிமை, கொடுத்த தொகையின் அளவுக்கு நிறுவனத்தின் கைக்கு மாறுகிறது. பக்கத்து மனைக்காரரை நீங்கள் முன்னதாகவே விடுவித்துவிட்டால், எங்கள் உரிமையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்லி மறுக்க நிறுவனத்துக்கு இன்னொரு காரணம் கிடைக்கும். கைச்செலவுக்கு அந்தப் பணம் வேண்டியே இருக்கிறது என்றால், 'முன்பணமாக, மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, அதை நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் பேசுவார்கள். ஆனால் அவர்கள் பேசி முடிக்கும் கணக்கில் காப்பீட்டு நிறுவனம் என்ற மூன்றாவது தரப்பு இருப்பது பெரும்பாலும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

நிறுவனம் சொல்லியிருக்கும் காரணம் வலுவற்றது என்பது என் கருத்து. வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் பொதுவாக இரண்டு கடமைகள் அடுத்தடுத்து இருக்கும்: சேதத்தை நிறுவனம் பார்வையிட வாய்ப்புத் தர வேண்டும் என்பது ஒன்று, சேதம் மேலும் பெருகாமல் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. திறந்த கூரையின் வழியே மழை இறங்கிக்கொண்டிருக்கும்போது, சுவரை அழுத்திக்கொண்டிருக்கும் மரத்தை அப்படியே விட்டுவைத்து, சர்வேயர் வரும்வரை குடும்பத்தோடு காத்திருக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் எதிர்பார்க்காது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டில், இடிபாடுகளை அகற்றும் செலவுக்கென்றே கோரிக்கைத் தொகையில் 2 சதவீதம் வரையிலும், பொறியாளர் முதலானோரின் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையிலும் தருவதற்கு இடமிருக்கிறது. உங்கள் பாலிசி அந்த வகையைச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். அந்த வகையானால், அகற்றும் செலவை ஏற்பதாக எழுதிக் கொடுத்த நிறுவனமே அகற்றியதைக் குறையாகச் சொல்கிறது என்று பதில் எழுதலாம். சர்வேயரின் அறிக்கையே இறுதி முடிவு ஆகிவிடாது என்பதையும் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

ஆயினும் இழப்பு எவ்வளவு என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்களுடையது. உங்கள் வழக்கின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. மரம் அறுக்கப்பட்ட அன்று ஊர் இளைஞர்களில் யாராவது ஒருவராவது கைபேசியில் படமோ காணொளியோ எடுத்திருப்பார். இன்றே கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறிய பிரதியைவிட, எடுத்தவரின் கைபேசியில் இருக்கும் மூலக்கோப்பு மேலானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்னும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாகத் தர உரிய சான்றிதழ் வேண்டும் என்பதால், அந்தக் கைபேசியை அவர் விற்றுவிடாமலும் அழித்துவிடாமலும் பார்த்துக்கொள்வது நல்லது. பொக்லைன், டிராக்டர் வாடகை, தார்ப்பாய், அறுப்புக் கூலி ஆகியவற்றுக்கு இப்போதாவது ரசீது எழுதி வாங்குங்கள். எஞ்சி நிற்கும் சுவரையும் உடைந்த ஓட்டுக் குவியலையும் பார்த்து, ஒரு சிவில் பொறியாளர் அளவெடுத்து மதிப்பீட்டு அறிக்கை தரட்டும். எல்லாவற்றையும் இணைத்து, சர்வேயர் அறிக்கையின் நகலையும் கோரி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் முறையீடு அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவு தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன்) செல்லலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையமும் உண்டு, அதற்குக் காலவரம்பு இரண்டாண்டு. ஆனால் அங்கே வழக்கைத் தொடுத்துவிட்டால் குறைதீர்ப்பாளர் உங்கள் புகாரை எடுக்கமாட்டார். ஆகவே வரிசை முக்கியம்.

அரசு நிவாரணம் இதிலிருந்து தனியானது. 2022 முதல் 2026 வரையிலான மத்திய அரசின் விதிமுறைப்படி, சமவெளியில் முழுமையாகச் சேதமடைந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாயும், குறைந்தது 15 சதவீதம் சேதமடைந்த பக்கா (நிலையான கட்டுமானம் கொண்ட) வீட்டுக்கு 6,500 ரூபாயும் என்று இருந்ததிலிருந்தே, பட்டியலில் எழுதப்படும் ஒரு சொல் எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதை நீங்களே காணலாம். குடியிருக்கவே முடியாத அளவுக்குச் சுவரும் கூரையும் போயிருந்தால், அதே பொறியாளர் அறிக்கையை இணைத்து, மறு ஆய்வு கோரி வட்டாட்சியருக்கும், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரான ஆட்சியருக்கும் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். கணக்கெடுப்புப் பட்டியலின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 71ஆம் பிரிவு கீழமை நீதிமன்றங்களின் வழியை அடைத்திருப்பதால், மனுவுக்குப் பலன் இல்லாவிட்டால் உயர் நீதிமன்றம்தான். சேதத்தைக் கூட்டிச் சொல்லும் ஆசை மட்டும் வேண்டாம். பொய்யான கோரிக்கைக்கு அதே சட்டத்தின் 52ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

இனிப் பக்கத்து மனைக்காரர். நன்றாக இருந்த மரம் புயலில் விழுந்திருந்தால் அவர் சொல்வது சரி. இயற்கைச் சீற்றத்துக்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது. பொந்து விழுந்த மரம் என்று முன்பே தெரிவிக்கப்பட்டும் அவர் சும்மா இருந்தார் என்றால் நிலைமை வேறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் வருவது இந்தக் கடற்கரையில் யாரும் எதிர்பாராத ஒன்றல்லவே. சாலையோர மரத்தின் கிளை விழுந்து ஒருவர் இறந்ததற்கு, மரத்தைப் பராமரிக்கத் தவறிய டெல்லி மாநகராட்சியே பொறுப்பு என்று சுசீலா தேவி வழக்கில் 1999ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; தெருவுக்குச் சொன்ன அந்த நியாயம் மனைக்கும் பொருந்தும் என்று வாதிடலாம். உங்கள் வாட்ஸ்அப் செய்தி முக்கியமான சான்று. அடித்தூர் இன்னும் அவர் மனையில் இருந்தால், பொந்து தெரியும்படி இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் படமெடுத்து வையுங்கள். வழக்கு நீளும் என்பதால், காப்பீட்டில் கிடைக்காத பகுதிக்கு மட்டும் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிப் பேச்சுக்கு அழைப்பதே இப்போதைக்குப் போதும் என்று நினைக்கிறேன். விறகுப் பணத்தை நீங்கள் கேட்க முடியாது. மரம் அவருடையது, அவர்தான் ஊரிடம் கேட்க வேண்டும்.

சாய்ந்து நிற்கும் மரத்துக்குத் தாமதிக்க வேண்டாம். விழுந்து தீங்கு விளைவிக்கும் நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரம், பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவில் நிர்வாக நடுவருக்கு உண்டு. அந்த அதிகாரமுள்ள உங்கள் பகுதிக் கோட்டாட்சியரிடம் படத்துடன் மனுக் கொடுங்கள். எல்லை தாண்டி உங்கள் மனைக்குள் நீண்டிருக்கும் கிளைகளை நீங்களே வெட்டலாம். வெட்டிய கட்டை அவருக்கே உரியது. அவர் மனைக்குள் நுழைந்து மரத்தை வெட்டினால் வழக்கு உங்கள் மீது திரும்பும்.

செலவுக்குத் தயங்கினால், சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு, பெரும் பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது. பாலிசி, நிராகரிப்புக் கடிதம், படங்கள், ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களோடு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக் குழுவுக்குச் செல்லுங்கள். மூலங்களை யாரிடமும் விட்டுவர வேண்டாம்.